கூட நின்ற ஒருவர்

போன மாதம் என் கடைசித் தம்பியின் மகள் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி என் எதிரே நிறுத்திவிட்டு, “உங்க வாழ்க்கையையே மாத்தின அனுபவம் ஒண்ணு சொல்லுங்க, காலேஜ் புராஜெக்ட்டுக்கு” என்று உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வேலையாம். சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்துக் கேட்டு, பதிவு செய்துகொண்டு போக வேண்டுமாம். நம் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கும். முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டுவிட்டு, “சும்மா இயல்பாப் பேசுங்க” என்கிறார்கள். இயல்புக்கு நான் எங்கே போவேன்? டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்த கதையைச் சொல்லி அனுப்பிவைத்தேன். அவளுக்கும் அது போதுமாக இருந்தது.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. போனுக்குச் சொல்ல மனம் வரவில்லை, உங்களுக்குச் சொல்லலாம். இதே கேள்வியை ஒரு ஆடி மாதம் முழுக்க நானும் சொந்தபந்தங்களிடம் கேட்டுக்கொண்டு அலைந்தவள்தான். அப்போது எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். போனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. காதால் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

நாங்கள் தூத்துக்குடியில், பழைய ஹார்பருக்குப் போகிற தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குடியிருந்தோம். பூர்வீகம் நாசரேத்துப் பக்கம். தாத்தா காலத்திலேயே மிஷன் பள்ளியில் படித்து, வாத்தியார், கிளார்க் என்று வெளியே வந்த குடும்பம். புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பழைய ஹார்பரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்திலேயே நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு வரும். ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் உப்பளத்துத் தூசியும் மணலும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும். சோற்றில் மணல் நறநறக்கும். ஜன்னல் கம்பியை நக்கினால் கரிக்கும். நக்கிப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். கடைத்தெருவில் முந்திரி மக்ரூன் வேகும் வாசனை மட்டும் அந்தக் காற்றையும் மீறி எங்கள் தெருமுனை வரைக்கும் வரும். அப்பா சம்பளம் வாங்குகிற அன்று காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் வாங்கிவருவார்.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் சபையில் பெரியவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு சாட்சி உண்டு. கர்த்தர் தன் வாழ்க்கையில் எப்போது வந்து குறுக்கிட்டார், எதிலிருந்து காப்பாற்றினார் என்று கோயிலில் எழுந்து நின்று சொல்வது. சர்ச் என்று நாங்கள் சொல்லமாட்டோம், கோயில் என்போம். சபைக் குருவை ஐயர் என்போம். சாட்சிக்கென்று தனியாக ஒரு தமிழும் உண்டு. வீட்டில் “ஏளா, தண்ணி கொண்டா” என்று சத்தம் போடுகிறவர், கோயிலில் எழுந்து நின்றால் “எனக்குத் தாகமுண்டாயிற்று” என்பார். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி ஒவ்வொருவர் சாட்சியும் வழவழவென்று ஆகியிருக்கும். எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும், எந்த இடத்தில் பெண்கள் பக்கம் “ஸ்தோத்திரம்” என்ற முனகல் கேட்கும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்த வருஷம் கோயில் பண்டிகைக்குப் பிள்ளைகளை விட்டுச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்று ஞாயிறு பள்ளி டீச்சருக்கு ஒரு யோசனை. “வீட்ல பெரியவங்ககிட்ட போய்க் கேளுங்க. அவங்க வாழ்க்கையையே மாத்தின சம்பவம் எதுன்னு கேட்டு, அத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வரணும்” என்றார். நன்றாகச் சொல்கிற பிள்ளைக்குப் படம் போட்ட வேதாகமக் கதைப் புத்தகம் பரிசு. அந்தப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தும் காட்டிவிட்டார். எனக்கு அப்புறம் தூக்கம் வருமா?

முதலில் பெரியப்பாவிடம் போனேன். அவர் பனங்காட்டில் பாம்பை மிதித்த கதையைச் சொன்னார். பாம்பு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் நீளமாகிக்கொண்டே வந்தது, அந்த வருஷம் அது நல்லபாம்பாகவும் ஆகியிருந்தது. அம்மா டைபாய்டு காய்ச்சலைச் சொன்னாள், அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, வேகவேகமாக. பக்கத்துத் தெருவில் என் சிநேகிதி வீடு. அவர்கள் மாதா கோயில்காரர்கள். அவளுடைய தாத்தா முத்துக் குளித்தவர், கடலுக்கடியில் போய்ப் போய்க் காது அடைத்துப்போனவர். எங்கள் சபையில்லாவிட்டால் என்ன என்று அவரிடமும் போய்க் காதருகே கத்திக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “ஒண்ணுமில்ல மக்ளே. போனேன், வந்தேன்” என்றார். இதெல்லாம் ஒரு சாட்சியா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

உண்மையில் எனக்கு யாரிடமும் போக வேண்டிய அவசியமே இல்லை. சபையிலேயே பெயர்போன சாட்சி எங்கள் அப்பாவுடையதுதான். வேற்றூர்ச் சபைகளில்கூடக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். அப்பா ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் டாலி கிளார்க். கிரேனில் இறங்குகிற மூட்டைகளைப் பக்கத்தில் நின்று எண்ணிக் கணக்குச் சொல்வது அவர் வேலை. ஒருநாள் பஞ்சுப் பொதிகளைத் தூக்கிய கயிறு மேலேயே அறுந்துவிட்டது.

அப்பா இப்படித்தான் சொல்வார்: “பொதிகள் என் தலைக்கு நேராக வந்தன. நானோ அறியாதிருந்தேன். அப்பொழுது ‘விலகு’ என்று ஒரு சத்தம் எனக்கு உண்டாயிற்று. நான் விலகினேன். கூட நின்ற ஒருவர் அந்த இடத்திலேயே மரித்துப்போனார். என்னையோ கர்த்தர் தமது கரத்தினால் மறைத்தார்.” அந்த ‘என்னையோ’வில் அவர் குரல் உடையும். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நானும் பெருமையில் அழுதிருக்கிறேன்.

அந்தச் சம்பவம் நடந்த மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, அந்தச் சாட்சியைச் சொல்வார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பண்டிகை மாதிரி. அப்பாவுக்குப் புதுச் சட்டை, அம்மா கறிச்சோறு ஆக்குவாள், பெரியப்பா குடும்பம் சாப்பிட வரும். எங்கள் அத்தை மட்டும் கோயிலுக்கு வருவாள், திரும்பிவந்ததும் “தலைநோவு” என்று பின்கட்டு அறைக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு வருஷமும் அதே ஞாயிறு, அதே தலைநோவு. நாங்கள் பிள்ளைகள் அவள் பங்குக் கறியையும் சேர்த்துத் தின்றிருக்கிறோம்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா ஹார்பரில் ஏதோ விபத்தில் செத்துப்போனார் என்று தெரியும். அப்போது நான் கைக்குழந்தை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அத்தை எங்களோடு வந்துவிட்டாள். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை. ‘மாமா ஹார்பரில் செத்தார்’ ஒரு கதை, ‘அப்பாவைக் கர்த்தர் காப்பாற்றினார்’ வேறொரு கதை. இரண்டும் என் தலைக்குள் வேறுவேறு அலமாரியில் இருந்தன. யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதில்லை.

அப்பாவுடையது எல்லாருக்கும் தெரியுமே, புதிதாக ஒன்று கிடைத்தால் பரிசு நிச்சயம் என்று ஒரு சனிக்கிழமை அத்தையிடம் போனேன். அவள் மெஷினில் எங்கள் பண்டிகைப் பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்த, ஒங்க வாழ்க்கையையே மாத்தின சம்பவம் என்ன?”

மெஷின் நிற்கவில்லை. “உங்கப்பா சொல்லுதாவள்லா, அதுதான்.”

“அது அப்பாவுக்குள்ளது. ஒங்களுக்குள்ளத சொல்லுங்க.”

“எனக்குள்ளதும் அதுதாம்ளா. ஒரே சம்பவந்தான். உங்கப்பாவுக்கு அன்னைக்கி உசுரு கெடச்சிது. எனக்குப் போச்சு.”

எனக்குப் புரியவில்லை. அத்தை மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “கூட நின்ற ஒருத்தர்னு சொல்லுதாவள்லா, அது யாருன்னு நெனச்ச? உம் மாமாதான்.”

சொல்லுகிறேன் கேளுங்கள், அந்தக் கறிச்சோறும் புதுச் சட்டையும் தலைநோவும் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன. மாமா கிரேன்காரனுக்குக் கீழிருந்து கைகாட்டுகிற வேலையில் இருந்தவர் என்றும், அப்பாதான் அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் என்றும் அத்தை சொன்னாள். அழவில்லை. ரொம்ப நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்ன மாதிரிதான் சொன்னாள்.

“அன்னைக்கிக் காலைல அவியகிட்ட நா பேசல. என்னமோ ஒரு சின்னச் சண்ட. இட்லி அவிச்சு வச்சிருந்தேன், தின்னாம எறங்கிப் போனாவ. நானும் ‘போனாப் போவட்டு’ன்னு இருந்துட்டேன். மத்தியானம் ஆளனுப்பிட்டாவ.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “கடைசி நேரத்துல அவிய பக்கத்துல நின்னது உங்கப்பா ஒருத்தர்தான். எதாவது சொன்னாவளா, எம் பேரு ஏதும் வாயில வந்துச்சா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அண்ணங்கிட்ட நா எப்படிக் கேப்பேன்? நீ கேளேன். சாட்சிக்குன்னு கேளு. பிள்ள கேட்டாச் சொல்லுவாவ.”

இவ்வளவுதான் அத்தை கேட்டது. ஊர் உலகம் வேண்டாம், நீதி நியாயம் வேண்டாம். புருஷன் கடைசியாக என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, அண்ணனிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் கேட்க முடியாததைக் கேட்கத்தான் அந்த வயதில் எனக்கு ஒரு கேள்வி கையில் கிடைத்திருந்தது.

அன்று சாயங்காலமே கேட்டேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். சாட்சி வேண்டும் என்றதும் சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்து, கோயில் தமிழிலேயே ஆரம்பித்தார். ‘கூட நின்ற ஒருவர்’ வந்ததும் நான் குறுக்கே போனேன்.

“அது மாமாதானப்பா? மாமா கடைசியா என்ன சொன்னாங்க?”

விசிறி நின்றுவிட்டது. அப்பாவின் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். “யாருளா உன்கிட்ட கேக்கச் சொன்னது?” என்றார். கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு, பித்தானைத் தப்பும் தவறுமாக மாட்டியபடி வெளியே போய்விட்டார்.

அம்மா வந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். “ஒனக்கு இந்தக் கேள்வியெல்லாம் எதுக்குளா? மொத வருசம் உங்கப்பா ‘என் தங்கச்சி மாப்பிள்ளை’ன்னு சொல்லித்தான் சாட்சி சொன்னாவ. உங்கத்த கோயில்லயே மயங்கி விழுந்துட்டா. அவ மனசு நோவக் கூடாதுன்னுதான் மறு வருசம் ‘உறவினர் ஒருவர்’னாவ. அதுக்கும் அழுதா. பெறவுதான் ‘கூட நின்ற ஒருவர்’னு ஆச்சு. எல்லாம் அவளுக்காகத்தான்.”

அத்தை பின்கட்டில் காத்திருந்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். “சரி, போவட்டு. நீ போய்ப் படி” என்றாள். பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தந்தாள். அந்த மடிப்பு ரொம்ப நேர்த்தியாக இருந்தது.

டீச்சர் என்னை அப்பாவின் சாட்சியையே சொல்லச் சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை மாறக் கூடாது என்று நிற்க வைத்துச் சொல்ல வைத்தார். ‘கூட நின்றது எங்க மாமா டீச்சர்’ என்று சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் வேண்டாம் பாப்பா. துக்கத்தச் சொன்னா ஜனங்க மனசு அங்கயே போயிரும், கர்த்தர் பக்கம் வராது” என்றார். நல்ல டீச்சர்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதுதான் இப்போது நினைத்தாலும் ஆறவில்லை. அந்தக் கதையில் கெட்ட எண்ணம் யாருக்குமே கிடையாது.

பண்டிகை அன்று கோயில் வளாகத்தில் விடியும் முன்பே கல் அடுப்பு மூட்டி, பெரிய பெரிய வட்டாக்களில், சபை முழுக்கச் சேர்ந்து சாப்பிடுகிற அசனச் சோறு ஆகிக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனையும் புகையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லி முடித்தார்கள். பெரியப்பாவின் பாம்பை அவர் மகன் சொன்னான், நல்ல வரவேற்பு. பிறகு என் முறை.

நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன். “கூட நின்ற ஒருவர் அந்த இடத்திலேயே மரித்துப்போனார்” என்றபோது பெண்கள் பக்கத்தில் அத்தை எழுந்து நின்றாள்.

“அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர்” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஆஜர் சொல்வதைப்போலச் சொன்னாள். ஆனால் கோயிலில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்கிற அளவுக்கு அமைதியாகிவிட்டது. அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள். “அண்ணே, அவிய கடைசியா என்ன சொன்னாவ? பிள்ளைய விட்டும் கேட்டுப் பாத்தேன், சொல்லலியே நீங்க.”

அப்பா தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை. ஐயர் ஒரு நொடி திகைத்துவிட்டு ஆர்மோனியம் வாசிப்பவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஞானப்பாட்டு ஆரம்பித்தது. பாட்டுக்குச் சபை முழுக்க எழுந்து நின்றது. எல்லாரும் நின்றுவிட்டதால் அத்தை நிற்பது தனியாகத் தெரியாமல் போயிற்று. நான் என் சாட்சி முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அசனப் பந்தியில் அத்தை இலைக்கு எல்லாரும் தாராளமாகப் பரிமாறினார்கள், ஒருவரும் பேசவில்லை. அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொன்னார். “துக்கம் அவள விசுவாசத்த விட்டு வழுக்க வச்சிட்டு. சபைக்கு முன்னால அண்ணன் மானத்த வாங்கிட்டாளே.” அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின்கட்டு அறைக்குக் கதவு கிடையாது, ஒரு துணித்திரைதான். எல்லாம் அத்தைக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அப்பா அந்தச் சாட்சியைச் சொல்லவே இல்லை. வேற்றூரில் கூப்பிட்டாலும் போகவில்லை. காணிக்கையும் கறிச்சோறும் நின்றுவிட்டன. தங்கைக்காக வாயைக் கட்டிக்கொண்டார் என்று சபையில் அப்பாவுக்கு முன்னைவிட மரியாதை கூடியது. அடுத்த வருஷம் அத்தை சாத்தான்குளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கோடு வருவாள். அண்ணனும் தங்கையும் ஸ்ரீவைகுண்டம் அணையில் தண்ணீர் வந்ததா, அரிசி என்ன விலை என்று பேசிக்கொள்வார்கள். சாயங்கால பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிடுவாள்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போகும் முன் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். விடுதிப் பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்து, “ஒங்களுக்காகத்தான அத்த, அப்பா அத்தோட அதச் சொல்லுதத நிறுத்திட்டாங்க” என்றேன்.

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. “நா நிறுத்தச் சொன்னேனாளா? சேத்துச் சொல்லுங்கன்னுதான கேட்டேன். அதுல அவிய ‘ஒருத்தர்’னாவது இருந்தாவ. வருசத்துல ஒருநாளாவது அம்புட்டுப் பேரு முன்னால அவிய செத்தத ஒரு வாயி சொல்லிச்சு. இப்ப அதுவும் இல்ல. எனக்காக, எனக்காகன்னு எல்லாத்தயும் எடுத்துட்டாவளே பாவிகளா.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்த்து, “ஏளா, அந்தத் தட்ட ஒழுங்காக் கழுவு” என்று அதட்டினாள். நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூத்துக்குடி வரும்வரை அழுதேன். நம் பெரியவர்கள் ஒருவரையொருவர் நோகக் கூடாது என்று வாயை மூடி மூடியே எவ்வளவு கொன்றிருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து நெஞ்சு பலவீனமாகிப் படுத்துவிட்டார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். வீட்டில் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், “தங்கச்சிய வரச் சொல்லு” என்றார்.

அத்தை மறுநாள் முற்பகலில் வந்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சாக வெளுத்திருந்தது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன். “எப்டிண்ணே இருக்கிய?” என்றாள். அப்பா நேரே அந்த இடத்துக்குப் போனார்.

“அந்தச் சத்தம்…” என்றார். மூச்சு வாங்கினார். “நா சாட்சில சொல்லுவேன்லா. விலகுன்னு ஒரு சத்தம்.”

“அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே?”

“அது மாப்பிள்ள சத்தம்.”

அத்தை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுப்பைப் பார்க்கக் கிளம்பிய நான் கதவருகே நின்றுவிட்டேன்.

அப்பா விட்டு விட்டுச் சொன்னார். கயிறு அறுந்ததை மேலே பார்த்துக்கொண்டிருந்த மாமாதான் முதலில் பார்த்திருக்கிறார். கத்திக்கொண்டே அப்பாவைப் பார்த்து ஓடிவந்திருக்கிறார். அப்பா துள்ளி விலகிய இடத்தில் மாமா வந்து சேர்ந்திருக்கிறார். “நா நின்ன எடத்துலதான் அவரு கெடந்தாரு” என்றார் அப்பா. “மொத வருசம் கோயில்ல அழுக தாங்கல. ‘ஒரு சத்தம்’னு மட்டுந்தான் வாயில வந்துச்சு. ஐயர் எழுந்து, கர்த்தருடைய சத்தம்னுட்டாரு. சபையே ஸ்தோத்திரம்னு சொல்லிச்சு. பெறவு எப்படி மாத்த? ஒம் புருசன் என்னால செத்தார்னு ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?”

அத்தையின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது, நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு. “அப்ப வருசா வருசம் நா கோயில்ல உக்காந்து கேட்டது அவிய பேச்சா?” என்றாள். “கர்த்தர் உங்களுக்குச் சொன்னாரே, எம் புருசனுக்கு ஏன் சொல்லலன்னு நா அவரோட சண்ட போட்டுட்டுக் கெடந்தேனே, பாவி மனுசா! ஆயுசு பூரா சண்ட போட்டேனே!” கட்டிலில் ஓங்கி அடித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். என்னைத் தள்ளிவிட்டாள்.

பிறகு அத்தைதான் கேட்டாள். “விலகுன்னா சொன்னாவ? அவிய அப்படிப் பேசமாட்டாவளே.”

“இல்ல. அது கோயிலுக்குச் சொன்னது. ‘மச்சான், தள்ளும்’னாரு.”

“மச்சான்னா?”

“ஆமா. ஹார்பர்ல என்னிக்கும் கிளார்க் சார்னுதான் கூப்பிடுவாரு. சொந்தம்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்னு நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். அன்னைக்கி மச்சான்னாரு.”

அத்தை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. “எங் கழுத்துல தாலி கட்டினதாலதான நீங்க அவியளுக்கு மச்சான்” என்றாள், தனக்குத்தானே சொல்வதைப்போல. “நா பேசாம அனுப்பிட்டேன். அவிய என்ன விட்டுட்டுப் போவல.”

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். குனிந்து, காதை அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள்.

“அவிய சொன்ன மாதிரியே இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே.”

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். அவள், “இன்னொரு தரம்” என்றாள்.